அளவு நோட்டின் பின்பக்கத்தில் என் தூக்கக் கணக்கு

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கு 44 வயது, வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன், சுகர் வந்து ஆறு வருடம் ஆகிறது. சோத்தைக் குறைத்து, மாத்திரையை ஒருவேளை விடாமல் போட்டு, அப்படியும் சுகர் இறங்கவில்லையே என்று கலங்கிப்போய் இருக்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம் மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுகிற டெஸ்ட் (HbA1c) 9.1 என்று வந்தது. அதற்கு முந்தைய முறை 8.6. ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டரம்மா திட்டுவார் என்ற பயத்தோடு. அன்றைக்கு இருந்தவர் புதிதாக வந்த சின்ன வயசு டாக்டர். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, குழம்பில் கிடக்கிற மீன், ராத்திரி சப்பாத்தி, டீயில் சர்க்கரை கிடையாது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு, "ராத்திரி எப்படிம்மா தூங்குறீங்க?" என்றார். "தூங்குவேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது. "எத்தனை மணிக்குப் படுக்குறீங்க, எத்தனை தடவை முழிக்கிறீங்க, எப்ப எழுந்திருக்கிறீங்க, ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க, அப்புறம் மருந்தை மாத்துறதைப் பத்திப் பேசலாம்" என்றார். நாலு வருடமாகச் சுகருக்கென்று எங்கெங்கோ போய் வந்திருக்கிறேன், இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

என்னிடம் எழுதுகிற நோட்டு என்று இருப்பது ஒன்றுதான், ப்ளவுஸ் அளவு நோட்டு. முன்பக்கத்திலிருந்து தோள், மார்புச் சுற்றளவு, கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து என்று வாடிக்கைக்காரர்கள் அளவு. அதைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து என் தூக்கத்தை எழுதினேன். முதல் ராத்திரி எழுதியது இன்னும் இருக்கிறது. 11.40க்குத் தையல் மிஷினை மூடினேன். 12.05 படுத்தேன், போன் பார்த்தேன். 12.50 போனை வைத்தேன். 1.20 வீட்டுக்காரர் வந்தார், கதவு திறந்தேன், சாப்பாடு போட்டேன். 2.00 திரும்பப் படுத்தேன். 2.45 பாத்ரூம். 4.10 தண்ணி. 5.15 படுத்தேன். 6.00 எழுந்தேன். கூட்டிப் பாருங்கள், மூணே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் நாலு துண்டாக. பதினாலு நாளில் நாலு மணி நேரத்தைத் தாண்டியது மூன்று நாள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பதரை வரை தூங்கி அதைச் சரிக்கட்டியதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தண்ணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் காம்பவுண்டில் ஏழு குடும்பத்துக்கும் ஒரே அடிபம்பு. விடியற்காலை நாலு மணிக்கு மேல்தான் தண்ணி ஏறும், ஐந்தேகாலுக்கெல்லாம் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும், பம்பு அடிக்கிற சத்தம் மாறினாலே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா, "எழுந்திரு, தண்ணி ஏறுது" என்று ஜன்னலைத் தட்டுவார். பதினெட்டு வருடமாக நான் நாலு மணிக்கு எழுந்து குடம் பிடித்திருக்கிறேன். அதைத் தூக்கம் கெடுவதாக ஒருநாளும் நினைத்ததில்லை, வீட்டு வேலை என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்றவர். ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுந்து, இரண்டு மணிக்குக் கூடையோடு கடற்கரையில் நிற்பார். விடிந்ததும் கல்மண்டபம் பக்கம் வியாபாரம், மதியம் ஒரு மணி நேரம் தலையைச் சாய்ப்பார், அவ்வளவுதான். முப்பது வருடம் அப்படி ஓடியது. 49 வயதில் சுகர் வந்தது, 61 வயதில் ஒரு விடியற்காலை ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார். தூக்கமில்லாததுதான் அம்மாவைக் கொண்டுபோனது என்று நான் சொல்ல முடியாது. பிரஷர் இருந்தது, வெற்றிலை புகையிலை இருந்தது, எங்களை வளர்த்த கவலையும் இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் சோத்தை அளந்தோம், மாத்திரையை எண்ணினோம், அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று மட்டும் யாரும் எண்ணவில்லை. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சில் குத்துகிறது.

என் மகள் நர்ஸிங் படிக்கிறாள். நோட்டைப் பார்த்துவிட்டு அவள்தான் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து எனக்குத் தமிழில் சொன்னாள். 1999ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டு சோதித்திருக்கிறார்கள். நன்றாகத் தூங்கிய பிறகு இருந்ததைவிட, சர்க்கரையை ரத்தத்திலிருந்து இறக்குகிற வேகம் அப்போது 40 சதவீதம் குறைந்திருந்தது. வயசுப் பையன்கள், சுகர் இல்லாதவர்கள், ஆறே நாள். எனக்கு அது கதையாகத் தெரியவில்லை, என் நோட்டைப் படித்த மாதிரி இருந்தது. தூக்கம் குறைந்தால் உடம்பு ஏதோ ஆபத்து வந்துவிட்டது போல விறைப்பாகவே இருக்கிறது, கார்ட்டிசால் என்கிற சுரப்பு அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை, இன்சுலின் இருந்தும் அதன் பேச்சை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. பசியைத் தூண்டுகிற சுரப்பு ஏறுகிறது, போதும் என்று சொல்கிற சுரப்பு இறங்குகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஊக்கு தைத்துக்கொண்டே நான் ஏன் பிஸ்கட் டப்பாவைத் தேடினேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரத்தத்தில் சுகர் சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை மூத்திரத்தில் தள்ளிவிடுகிறது, தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் ராத்திரியில் ரெண்டு தடவை மூணு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. தூக்கம் கெட்டதால் சுகர் ஏறுகிறது, சுகர் ஏறியதால் தூக்கம் கெடுகிறது. நான் இந்தச் சுழலுக்குள் எத்தனை வருடம் இருந்தேனோ.

அப்புறம் சாவு பற்றிய அந்த ஆராய்ச்சி. மகள் அதைச் சொல்லத் தயங்கினாள், நான்தான் சொல்லச் சொன்னேன். இங்கிலாந்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேரை சுமார் 9 வருடம் கவனித்து 2021ல் வெளியிட்டது. அவர்களிடம் கேட்ட கேள்வி சாதாரணமானது: தூக்கம் வரச் சிரமப்படுகிறீர்களா, நடுராத்திரியில் முழித்துக்கொள்கிறீர்களா? சுகரும் இல்லை, தூக்கப் பிரச்சினையும் இல்லை என்றவர்களோடு ஒப்பிட்டால், சுகர் மட்டும் உள்ளவர்களுக்கு அந்தக் காலத்தில் சாகும் வாய்ப்பு 67 சதவீதம் அதிகம், சுகரோடு அடிக்கடி தூக்கமும் கெடுகிறவர்களுக்கு 87 சதவீதம் அதிகம். இதைப் படித்துவிட்டு நூற்றில் 87 பேர் செத்துப்போவார்கள் என்று பயந்துவிடாதீர்கள், நான் முதலில் அப்படித்தான் பயந்தேன். மற்றவர்களில் நூறு பேர் போகிற இடத்தில் இவர்களில் 187 பேர் போகிறார்கள் என்று கணக்கு. சுகர் உள்ளவர்களுக்குள்ளேயே பார்த்தால், நன்றாகத் தூங்குகிறவர்களைவிடத் தூக்கம் கெட்டவர்களுக்கு 12 சதவீதம் அதிகம். தூக்கம்தான் காரணம் என்று இந்த மாதிரி ஆராய்ச்சி நிரூபிக்காது, ரெண்டும் சேர்ந்தே வருகின்றன என்றுதான் காட்டும் என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சரி. ஆனால் டாக்டர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது என்பதற்கு அதுவே எனக்குப் போதும். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருப்பதாக 2023ல் வந்த பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இத்தனை பேரில் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்?

நோட்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் மதியம் உட்கார்ந்து பிரித்தேன். எது என் கையில் இருக்கிறது, எது இல்லை. போன் பார்த்த முக்கால் மணி நேரம் என் கையில். பதினொன்றே முக்கால் வரை தைத்தது பாதி என் கையில், மீதி வீட்டு வாடகையின் கையில். கதவு திறக்க எழுந்தது என் பழக்கம். தண்ணி என் கையில் இல்லை.

போனை முதலில் எடுத்தேன். ஒரே ரூமில் ஹாலும் படுக்கையும் என்பதால் வேறு ரூமில் வைக்க வழியில்லை, ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தேன். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்ற அந்தச் சின்னச் சோம்பலே என்னைக் காப்பாற்றியது. தையலை ஒன்பதரைக்கு நிறுத்தினேன். மதியம் ரெண்டு மணி நேரம் படுத்துக்கொண்டிருந்ததை இருபது நிமிடமாகக் குறைத்து அந்த நேரத்துக்குத் தையலை மாற்றினேன், அப்படியும் வாரத்துக்கு ரெண்டு லைனிங் ப்ளவுஸ் குறைந்தது. அந்தப் பணம் குறைந்தது வலிக்கத்தான் செய்தது. சாயங்காலம் ஏழு மணி டீயை விட்டேன். சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்தேன், அதற்குப் பிறகு தண்ணீரைக் கொஞ்சமாகக் குடித்தேன், ஆனால் பகலில் குறைக்கவில்லை.

கதவு விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்தில் வரிசை நின்றால் ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும் வர. அவர் வந்து நான் சோறு போடாமல் தூங்குவதா என்று எனக்கே மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு ரெண்டாவது சாவி செய்து அவர் கையில் கொடுத்தேன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல, நீ முழிச்சிக்கினு கிடப்பியேன்னுதான் நான் வண்டிய வேகமா ஓட்டிக்கினு வருவேன்" என்றார். கல்யாணமாகி இருபது வருடம், நான் அவருக்காக முழித்திருந்தேன், அவர் எனக்காக வேகமாக வந்திருக்கிறார். அன்றிலிருந்து ஹாட்பாக்ஸில் சாப்பாடு, ஸ்டூல் மேல் தண்ணீர், ஜீரோ வாட்ஸ் பல்பு. டியூப்லைட் போடக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

தண்ணிக்கு வழி சொன்னது ஜன்னலைத் தட்டுகிற அந்த அக்காதான். ஏழு வீடு, வாரத்துக்கு ஏழு நாள், ஒரு நாளைக்கு ரெண்டு வீட்டுக்காரர் என்று முறை வைத்து எழுந்து எல்லா வீட்டு ட்ரம்மையும் நிரப்ப வேண்டும் என்று பேசிவைத்தோம். முதல் மாதம் சண்டை வந்தது, ஒரு வீட்டு ட்ரம் பாதிதான் நிறைந்தது என்று. ட்ரம்மில் பெயின்ட்டால் கோடு போட்ட பிறகு சண்டை நின்றது. இப்போது எனக்கு வாரத்தில் ரெண்டு நாள்தான் நாலு மணி முழிப்பு. அதற்கு முந்தின ராத்திரி ஒன்பதுக்கே படுத்துவிடுவேன்.

வீட்டுக்காரர் குறட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகுதான் அவர் தூங்குகிற விதம் எனக்குக் கேட்டது. குறட்டை ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நிற்கும், பத்து பதினைந்து எண்ணுகிற வரைக்கும் மூச்சே இருக்காது, பிறகு தண்ணிக்குள் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய், ஸ்லீப் ஆப்னியா என்று மகள் சொன்னாள். ஆண்களுக்குக் கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தொட்டால் அது கவனிக்க வேண்டிய அடையாளங்களில் ஒன்று என்றாள். டேப் என் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டு இருந்தது, எடுத்து அளந்தேன், பதினேழே கால். அவர் சட்டையை எத்தனை தடவை அளந்து தைத்திருக்கிறேன், காலர் பெரிதாகிக்கொண்டே போனதை உடம்பு போடுகிறது என்று விட்டிருக்கிறேன். மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் சிக்னலில் ரெண்டு தடவை கண் அசந்ததாக அப்போதுதான் சொன்னார். என் கை கால் எல்லாம் ஆடிப்போயிற்று.

ராத்திரி வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்குகிற டெஸ்ட் எடுத்தோம். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 5க்குக் கீழே இருந்தால் சரி, 30க்கு மேல் போனால் கடுமை. அவருக்கும் வெறும் வயிற்றில் சுகர் 118, அதாவது சுகர் வருவதற்கு முந்தின நிலை. இந்த நோய் சுகரையும் பிரஷரையும் இழுத்து வருகிறது, சுகர் உள்ளவர்களிடம் இது ரொம்பவே சகஜம். மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தித் தள்ளுகிற சிபாப் மிஷின் போடச் சொன்னார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினோம். முதல் ரெண்டு வாரம் பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டுவிடுவார், மாஸ்க் அளவை மாற்றிக் கொடுத்த பிறகுதான் விடியும்வரை இருந்தது. வீட்டில் சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நிற்கிறவர் இருந்தால், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தால், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பெண்களுக்கும் இது வரும்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், ஆறு மாதத்தில் 9.1 இருந்தது 7.6க்கு வந்தது. டாக்டர் இடையில் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைக் கூட்டியிருந்தார், அதனால் எல்லாம் தூக்கத்தால் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்த அளவைத் தூக்கத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவந்தேன். ஆறரை மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கிய ராத்திரிக்கு மறுநாள் 125, 130. துண்டு துண்டாகத் தூங்கினால் 150, 160. சாப்பாடு ஒன்றேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணி வீட்டுக்குள் வந்தபோது கட்டில் மேல் உட்கார்ந்தபடி நாலு ராத்திரி, கரன்ட் இல்லை, கண் மூடவில்லை, வடித்த சோறும் சரியாக இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் 262. அந்த மாதிரி நாளில் யாரும் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், வெள்ளம் வடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பினால் போதும். எனக்கு மூணு வாரம் ஆயிற்று.

எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பது எனக்கு அதிகம் உதவியது. இங்கிலாந்தில் 60,000 பேர் கையில் கருவி கட்டிப் பார்த்த ஆராய்ச்சி 2024ல் வந்தது, தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து எழுகிறவர்கள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள், எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட அந்த ஒழுங்குதான் ஆயுளோடு அதிகம் ஒத்துப்போனது. அதே வருடம் வந்த இன்னொன்றில், நாளுக்கு நாள் தூங்கும் அளவு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிக் குறைகிறவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 34 சதவீதம் அதிகமாக இருந்தது. என் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரையை அன்றோடு விட்டேன். இப்போது தண்ணி முறை இல்லாத எல்லா நாளும் ஐந்தரைக்கு எழுகிறேன்.

ரெண்டு விஷயம் மறக்காமல் சொல்கிறேன். நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டி, நடுங்கி, கெட்ட கனவு கண்டு முழித்தால் அது சுகர் இறங்கியதாக இருக்கலாம், முக்கியமாக இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர்களுக்கு. எழுந்து சுகர் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, படுத்ததும் பாதம் எரிந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். எனக்கு எரிந்தது, வருடக்கணக்காக மெட்ஃபார்மின் போட்டதில் பி12 குறைந்திருந்தது, அதற்கு மருந்து கொடுத்த பிறகு அடங்கியது. தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம், மூச்சு நிற்கிற நோய் இருந்தால் சில மாத்திரைகள் அதை மோசமாக்கிவிடும்.

அம்மா நின்ற இடத்தில் இப்போது எங்கள் அண்ணி ஏலத்துக்கு நிற்கிறார். அவரிடம் போய் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன். போன மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஏழரைக்குப் படுக்க வேண்டும், ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை, அதை நானே தைத்துக் கொடுத்துவிட்டேன். டிவியை அண்ணன் ஏழரைக்கு மேல் வெளியே திண்ணையில் போனில் பார்த்துக்கொள்கிறார். மதியம் வியாபாரம் முடிந்து வந்ததும் ஒன்றரை மணி நேரம், தினமும் அதே நேரத்துக்கு. கடலுக்குப் படகு போகாத நாளிலும் அதே கணக்குதான். அண்ணிக்குப் படிக்க வராது, அண்ணன் பையன் நோட்டில் எழுதிக் கொடுக்கிறான். இருபது நாள் எழுதியாயிற்று, வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவரை அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிப்போகிறேன்.